தடுக்கப்பட்டோர் பட்டியல்

கட்டுமாவடிப் பேருந்து நிறுத்தத்தில் அந்தச் சுவரொட்டி ஒட்டப்பட்ட நாள் முதலாக, அதன் முன்னே நின்று பள்ளிக்குப் பேருந்து ஏறிய பெண்பிள்ளைகள் எல்லாரும் ஏதோ குற்றத்துக்கு விசாரணைக்கு வந்தவர்களைப் போலவே நின்றார்கள். மேலே ஒரு கோபுரம், ஒரு மினாரா, ஒரு சிலுவை. கீழே மூன்று தலைகள். கோபுரத்தைவிடத் தலைகள் பெரியவை. நடுவே சிவப்பு எழுத்து: “வளரிளம் பருவ முற்காப்புச் சர்வ சமயப் பேரவை. உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்கு ஆபத்தா? தயங்காதீர்! தாமதியாதீர்! வாரீர்!”

எதிலிருந்து முற்காப்பு என்று சுவரொட்டி சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதே பேரவையின் முதல் தீர்மானம். சிறுவயதுப் பெண்கள் கருவுறுவதைத் தடுக்கத் தோன்றிய அந்த அமைப்பு, ‘கர்ப்பம்’ என்ற சொல்லைத் தடுப்பதிலிருந்து தன் திருப்பணியைத் தொடங்கியது. அச்சொல்லுக்கு மாற்றாக ‘அந்த நிலை’ என்றே வழங்கவேண்டும் என மூன்று சமயத்தாரும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். அவர்கள் ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான் என்று ஊரில் பேசுவோர் உண்டு. அது அவதூறு. வியாழக்கிழமைதோறும் கூடுவது என்பதும் ஒருமனதான முடிவே. ஒருவருக்கு வெள்ளி ஆகாது. ஒருவருக்கு ஞாயிறு ஆகாது. ஒருவருக்குச் செவ்வாயும் சனியும் ஆகா. எஞ்சியவற்றில் வியாழன் வென்றது.

ஏலக்கரையில் மீன் கூடை தூக்கும் செவந்தி, அந்தச் சுவரொட்டியை எழுத்துக்கூட்டி மூன்று முறை படித்தாள். படித்ததை நம்பினாள். அவள் செய்த பிழை அவ்வளவுதான்.

அவளுடைய இளைய மகள் சுடர்விழிக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்பு. பத்து நாளில் பொதுத்தேர்வு. ஆனால் மூன்றே நாளில் கல்யாணம். மாப்பிள்ளை ராமு, மீமிசல்காரன், சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்தவன், இருபத்தொன்பது வயது. செவந்தியின் புருஷன் ராக்கன் கடலுக்குப் போகும்போது சொல்லாமல் போவதைப் போலவே, இந்தச் சம்பந்தத்தையும் சொல்லாமல் பேசி முடித்திருந்தான்.

மூத்தவள் அன்புமொழியையும் இப்படித்தான் பதினாறில் கட்டிக்கொடுத்தான். பதினேழில் தலைப்பிரசவம். வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸ் அறந்தாங்கியைத் தொடுமுன் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. அந்த வருஷம் தங்கைக்காரி பள்ளிக்கூடம் போகவில்லை. இன்னொருத்தியை அதே பாதையில் அனுப்பிவிட்டு, ஆம்புலன்சின் சத்தத்தை இன்னொரு முறை கேட்கச் செவந்தியால் ஆகாது.

ஆகவே திங்கட்கிழமை காலை, கூடையை இறக்கிவைத்த கையோடு, பேரவையின் அலுவலகத்துக்குப் படியேறினாள்.

அலுவலகம் கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. மண்டபம் பேரவைத் தலைவர் சந்தனத்துக்குச் சொந்தம். அவர் கோயில் அறங்காவலர். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். தலையில் முந்தானையைப் போடச் சொன்னார்கள், போட்டாள். ஒரு நிமிடம் முழந்தாளிட்டு மனத்தைத் தூய்மை செய்துகொள்ளச் சொன்னார்கள், செய்தாள். மீன் வாடையை எங்கே கழற்றி வைப்பது என்று மட்டும் எவரும் சொல்லவில்லை.

உள்ளே மூவர். நடுவில் தலைவர் சந்தனம். வலப்பக்கம் ஜமாஅத்தைச் சேர்ந்த செயலாளர் உமர் பாரூக். இடப்பக்கம் மாதா கோயில் பங்குப் பேரவையைச் சேர்ந்த இன்னாசியம்மாள், ஓய்வு பெற்ற ஆசிரியை. பேரவையில் பெண்களின் பிரதிநிதி. ஆண்கள் பேசுவதைப் பெண்கள் சார்பில் எழுதிக்கொள்வது அவருடைய பொறுப்பு. வியாழக்கிழமை நடக்கவிருந்த மூன்றாம் ஆண்டு மாநாட்டுக்காக மேடையில் யார் படம் எங்கே என்று மூவரும் அளந்துகொண்டிருந்தார்கள்.

“என்னத்தா, சொல்லு” என்றார் சந்தனம்.

“எம் மகளுக்குப் பதினாறு வயசுங்கய்யா. வியாழக்கிழமை கல்யாணம் வச்சுட்டாக. நிப்பாட்டிக் குடுங்க. மூத்தவளை இப்படித்தான் வாரிக்குடுத்தேன். இவ வயித்துலயும் ஒரு புள்ளை வந்து...”

உமர் பாரூக் காதைப் பொத்திக்கொண்டார். சந்தனம் கண்ணை மூடினார். இன்னாசியம்மாள் எழுதிய வரியை அடித்தார்.

“அப்படியெல்லாம் பச்சையாப் பேசக்கூடாதும்மா. ‘அந்த நிலை’ன்னு சொல்லணும்.”

“எந்த நெலை டீச்சர்?”

“அந்த நிலை.”

செவந்தி விழித்தாள். பிறகு பணிந்தாள். “சரிங்க. அந்த நெலை வந்துதான் எம் மூத்த மக செத்தா. இவளுக்கு வராமப் பாத்துக்குங்க.”

மூவரும் ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். முதலில் வாய் திறந்தவர் உமர் பாரூக். “நீங்க சொல்றது நெஞ்சைத் தொடுதும்மா. ஆனா நீங்க அவுங்க ஆளு. உங்க வீட்டுக் கல்யாணத்துல நான் தலையிட்டா நல்லிணக்கம் என்னாகும்? நாளைக்கு எங்க வீட்டுக் கல்யாணத்துல அவுங்க தலையிடுவாங்க. அப்பறம் இந்தப் பேரவையே இருக்காது.”

“எனக்கும் அதே சங்கடந்தான்” என்றார் இன்னாசியம்மாள், எழுதிக்கொண்டே.

செவந்தி சந்தனத்தின் பக்கம் திரும்பினாள். “அப்ப நீங்க பேசலாமுல்லங்கய்யா? நான் உங்க கோயிலுக்கு வாரவதானே?”

சந்தனம் வருத்தத்தோடு சிரித்தார். “பேசலாந்தான். ஆனா நம்மாளுக்கு மட்டும் நான் பரிஞ்சு பேசுனா, இந்த ரெண்டு பேரும் என்னய மதவாதின்னு நெனைக்க மாட்டாங்களா?”

மூன்று சமயமும் சேர்ந்து காக்க வந்த ஊரில், ஒரு பெண்ணைக் காக்கத் தகுதியுள்ள சமயம் ஒன்றுகூட இல்லை என்பது இவ்வாறு ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது. இதற்குத்தான் நல்லிணக்கம் என்று பெயர்.

“இருந்தாலும் வந்துட்டீங்க. பதிஞ்சுருவோம்” என்று இன்னாசியம்மாள் ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்தார். அட்டையில் ‘தடுக்கப்பட்டோர் பட்டியல்’ என்று எழுதியிருந்தது. “பொண்ணு பேரு?”

“சுடர்விழி. அப்பன் பேரு ராக்கன்.”

பேனா நின்றது. இன்னாசியம்மாளின் விரல் பட்டியலின் கடைசி வரிக்கு இறங்கியது. “பன்னெண்டாவது பேரு. சுடர்விழி, தகப்பனார் ராக்கன். ஏம்மா, இந்தக் கேஸு போன வாரமே முடிஞ்சுருச்சே! தடுத்தாச்சு.”

“தடுத்தாச்சா?” செவந்திக்கு உயிர் வந்தது. “கல்யாணம் இல்லையா அப்ப?”

“கல்யாணந்தாம்மா தடுப்பு” என்றார் சந்தனம்.

அவர் எழுந்து நின்றார். எதிரில் ஒலிபெருக்கி இல்லாதபோதும் இருப்பதாகவே பாவித்துப் பேசுவது அவர் வழக்கம். “தாய்க்குலமே! கல்யாணத்துக்கு முன்னால் வந்தால்தான் அதற்குப் பெயர் ‘அந்த நிலை’. கல்யாணத்துக்குப் பின்னால் வந்தால் அதற்குப் பெயர் பாக்கியம்! பதினாறு வயதில் வரக்கூடிய அவமானத்தை, அதே பதினாறு வயதில் வரக்கூடிய பாக்கியமாக மாற்றுகிறோமே, இது சாதனையா இல்லையா? மூன்றே ஆண்டில் பன்னிரண்டு பெண்களைத் தடுத்திருக்கிறோம். இதுவரை நடந்த பதினொரு கல்யாணத்துக்கும் நான்தான் தாலி எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஐந்து பேருக்குத்தான் நான். மற்ற ஆறில் இவர்கள் இருவருக்கும் பங்குண்டு. எங்களுக்குள் பேதமில்லை!”

செவந்தி பதிவேட்டை நோக்கிக் கை நீட்டினாள். “எம் புள்ளை என்ன தப்புப் பண்ணுச்சு? எதுக்குங்க அது பேரு இதுல?”

அதற்கு விடையளிக்க உமர் பாரூக் கோப்பு ஒன்றை எடுத்தார். அந்தக் கோப்பின் வரலாறு பேரவையின் முதற்பெருஞ் சாதனையிலிருந்து தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கம் பற்றி ஒரு பாடம் உண்டு. அதைப் படித்தால் பிள்ளைகள் அறிந்துவிடுவார்கள். அறிந்தால் அந்த நிலை வந்துவிடும் என்று பேரவை ஆராய்ந்து கண்டது. எனவே மாணவிகளின் புத்தகங்களை வீடு வீடாக வாங்கி, அந்தப் பக்கங்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்தார்கள். ஒரு புத்தகத்துக்கு ஒன்பது பின். அடித்தவர் இன்னாசியம்மாள். மாணவர்களின் புத்தகங்களைத் தொடவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு அந்த நிலை வராது என்பது அனைவருக்கும் தெரிந்த அறிவியல்.

தேர்வு நெருங்கியது. அந்தப் பாடத்தில் கேள்வி வரும் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். சுடர்விழி, பின் அடிக்கப்படாத புத்தகத்திலிருந்து குறிப்பெடுத்த நோட்டு ஒன்றை, வகுப்புத் தோழன் நிலவழகனிடம் பேருந்து நிறுத்தத்தில் வாங்கினாள். பேரவையின் கண்காணிப்பு மோட்டார் சைக்கிள் அப்போது அவ்வழியே சென்றது.

உமர் பாரூக் வாசித்தார்: “மாலை நாலு அம்பத்திரண்டு. நோட்டு கை மாறியது. இருவரும் சிரித்தனர். பெண் முதலில் சிரித்தாள். நோட்டைத் திறந்து பார்த்ததில், உள்ளே இருந்த பாடம்...” அவர் நிறுத்தினார். “மேற்கொண்டு வாசிக்க முடியாதும்மா. அன்னைக்கே உங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னோம். நல்ல மனுசன். ஒடனே மாப்பிள்ளை பாத்துட்டாரு.”

கதவைத் தட்டச் சொல்லிச் சுவரொட்டி அழைத்தது. தட்டிய பிறகுதான் தெரிந்தது, தன் வீட்டுக்கு வைத்த தீ இந்த வீட்டு அடுப்பிலிருந்துதான் வந்தது என்று.

“சட்டப்படி பதினெட்டு ஆவணுமுல்லங்க?” செவந்தியிடம் மிஞ்சியிருந்த கடைசிக் கேள்வி அது.

“அதுக்கும் வழி வச்சிருக்கோம்” என்றார் சந்தனம். “நாளைக்குப் புள்ளையக் கூட்டியா.”

கூட்டிவரத் தேவை இருக்கவில்லை. மறுநாள் ராக்கனே மகளைக் கொண்டுவந்து விட்டான். பேரவை ‘பண்பு வயதுத் தேர்வு’ என்று ஒன்றை நடத்தி வந்தது. ஆதார் அட்டை உடம்பின் வயதை மட்டுமே சொல்லும். ஆன்மாவின் வயதைச் சொல்ல அதற்கு என்ன தகுதி இருக்கிறது? தலை குனிந்து உட்கார்ந்தால் ஒரு வயது கூடும். மெல்லிய குரலில் பதில் சொன்னால் இன்னொன்று. உலையில் நீர் எவ்வளவு என்று கேளாமல் சோறாக்கத் தெரிந்தால் மற்றொன்று.

சுடர்விழி தலை குனியவில்லை. “எனக்குப் பரீட்சை இருக்குங்க. நான் நர்ஸு வேலைக்குப் படிக்கணும். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்” என்றாள், மூவரையும் நேராகப் பார்த்து.

“எழுதிக்குங்க டீச்சர். எதுத்துப் பேசுது. அவசர வகை” என்றார் சந்தனம்.

ஓரமாக நின்ற செவந்தி பதறினாள். “எதுத்துப் பேசலைங்கய்யா. இனிமே பேசாது. ஏ புள்ளை, வாய மூடு! பேசாம இருந்தா விட்ருவீங்களா?”

“பேசாம இருந்தா பக்குவம் வந்துருச்சுன்னு அர்த்தம். பத்தொம்பது வயசுன்னு சான்று குடுத்துருவோம். கல்யாணம் பண்ணலாம்.”

“பேசுனா?”

“ஆபத்து வந்துருச்சுன்னு அர்த்தம். ஒடனே கல்யாணம் பண்ணணும்.”

“அழுதா?”

உமர் பாரூக் கனிவோடு சொன்னார்: “கல்யாணப் பொண்ணு அழுகுறது சகஜம்தானேம்மா.”

சுடர்விழிக்குப் பத்தொன்பது வயது என்று மூவரும் கையொப்பமிட்டார்கள். இன்னாசியம்மாள் கையொப்பமிடுமுன் சற்று நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு இட்டார். ‘கைப்பேசித் துறவு’ என்ற சடங்கின்படி, தாயிடமும் மகளிடமும் இருந்த கைப்பேசிகள் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டன. பெண் வியாழக்கிழமைவரை மண்டபத்தின் மணப்பெண் அறையில் ‘பாதுகாப்பு வாசம்’ இருக்கவேண்டும் என்றார்கள். கதவைச் சாத்துமுன் அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

“அம்மா, அக்கா மாதிரி நானும் செத்துப்போவேனா?”

செவந்தி பதில் சொல்வதற்குள் முந்தானையை விடுவித்து விட்டார்கள்.

அன்றும் மறுநாளும் அவள் ஓடாத இடமில்லை. மாப்பிள்ளையைத் தேடி மீமிசல் போனாள். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க அத்தே, பத்தொம்பதுன்னு சர்ட்டிபிகேட்டு காட்டுனாங்க” என்றான் ராமு. அதை நம்பினானா என்று கேட்டாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். ராக்கன் காலில் விழுந்தாள். “நோட்டு வாங்குனவ நாளைக்கு என்னத்த வாங்குவான்னு கேட்டாங்கடி. ஊருக்குள்ள நான் தலை நிமுந்து நடக்கணுமா வேணாமா?” என்றான் அவன். புதைத்த மகளைப் பற்றி ஊர் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. அதனால் அவன் தலை இதுவரை நிமிர்ந்தே இருந்தது.

வியாழன் வந்தது. காலை ஒன்பது மணிக்கு மாநாடு. பத்து மணிக்கு, மாநாட்டின் சிறப்பு நிகழ்ச்சியாக, பன்னிரண்டாவது தடுப்பு. சாலைவரை குழாய் ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார்கள். மேடையின் ஒரு புறம் மணவறை, மறுபுறம் வாசகம்: “பெண் கல்வி காப்போம்! பெண்மை காப்போம்!” அதற்கு நேர் கீழே, கூறைச் சேலையின் கனம் தாங்காமல், சுடர்விழி உட்கார்ந்திருந்தாள். சேலை மடிப்புகள் இடுப்பில் நிற்கவில்லை. நான்கைந்து ஊக்குகள் குத்தி நிறுத்தியிருந்தார்கள். பின் அடித்து மூடுவது பேரவைக்குப் பழகிய வேலை.

சந்தனம் அரை மணி நேரம் பேசினார். “மேல்நாட்டில் பாருங்கள்! அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கே நாம் பாடத்தை மூடினோம். விளைவு என்ன? மூன்று ஆண்டில் நம் பகுதியில் திருமணமாகாத பெண்ணுக்கு அந்த நிலை என்று ஒரு பதிவுகூட இல்லை. ஏன்? பதிவு செய்யக்கூடாது என்று நாமே தீர்மானம் போட்டோம்!” கைதட்டல் எழுந்தது. உமர் பாரூக், தம் மகள் சென்னையில் மருத்துவம் படிப்பதையும், அவளுக்கு இருபத்துநான்கு வயதிலும் வரன் பார்க்கவில்லை என்பதையும் பெருமையோடு குறிப்பிட்டு, “எல்லா வீட்டிலும் அப்படிக் கட்டுப்பாடு இருக்குமா? அதனால்தான் மற்ற வீடுகளுக்குப் பேரவை தேவைப்படுகிறது” என்றார். அதற்கும் கைதட்டல்.

பிறகு இன்னாசியம்மாள் தடுக்கப்பட்டோர் பட்டியலை வாசித்தார்.

“ஒன்று, பாசிலா. வெற்றி. இரண்டு, சுமையா. வெற்றி. மூன்று, அன்புமொழி, தகப்பனார் ராக்கன். வெற்றி...”

நான்காவது பெயர் செவந்தியின் காதில் விழவில்லை. பன்னிரண்டு பெயர்களும் முடிந்து, “தடுக்கப்பட்ட மணமகளின் தாயார் நன்றி நவில்வார்” என்று யாரோ கையில் ஒலிவாங்கியைத் திணித்தபோதும், அவள் மூன்றாவது பெயரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“மூணாவது பேரு எம் மூத்த மக” என்றாள். ஒலிபெருக்கி அதைச் சாலைவரை கொண்டுபோயிற்று. “அவளையும் நீங்கதான் தடுத்தீங்களா? எனக்குத் தெரியாதுங்க. அவுக அப்பன் சொல்லலை. அவ பதினேழு வயசுல ஆம்புலன்சுலயே செத்துப்போனா. வயித்துப் புள்ளையும் செத்துப்போச்சு. வெற்றின்னு எழுதியிருக்கீங்களே டீச்சர். செத்துட்டான்னு ஏன் எழுதலை?”

இன்னாசியம்மாள் பதிவேட்டைப் பார்த்தார். வரிசை எண், பெயர், தகப்பனார், தடுத்த நாள், வெற்றி. ஒலிவாங்கி அருகில் இருப்பதை மறந்து அவர் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

“அதுக்குக் கட்டம் இல்லம்மா.”

ராக்கன் தலை அப்போதுதான் கவிழ்ந்தது. சந்தனம் பாய்ந்துவந்து ஒலிவாங்கியை வாங்கினார். எத்தகைய அவமானத்தையும் சடங்காக மாற்றும் ஆற்றல் அவருக்குண்டு. “மறைந்த சகோதரிக்கு, மாநாடு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துகிறது! மாங்கல்யதாரணம் அதன்பின் நடைபெறும்!”

“ஒரு நிமிஷமா? யார் முறைப்படி?” என்றார் உமர் பாரூக். மேடையில் கிசுகிசுப்பான விவாதம் நடந்தது. சமயத்துக்கு ஒரு நிமிடம் வீதம் மூன்று நிமிடம் என முடிவாயிற்று. எவரும் கண் திறக்கக்கூடாது, அசையக்கூடாது. அசைந்தால், எந்தச் சமயத்தாரின் நிமிடத்தில் அசைந்தார் என்ற கேள்வி எழும். கேள்வி எழுந்தால் ஊர் தாங்காது. நேரம் பார்க்கும் பொறுப்பு இன்னாசியம்மாளுக்கு.

மண்டபம் கண்மூடியது. தாலியைத் தட்டில் ஏந்தியவர் கண்மூடினார். மாப்பிள்ளை கண்மூடினான். மோட்டார் சைக்கிள் கண்காணிப்பாளர்கள் கதவருகில் கைகட்டிக் கண்மூடினார்கள்.

செவந்தி கண்ணை மூடவில்லை. மணவறைக்குப் போனாள். மகளின் கையைப் பிடித்தாள். சத்தம் வராமல் மாலையைக் கழற்றி, கொலுசையும் கழற்றி அதன்மீது வைத்தாள் சுடர்விழி. இருவரும் மேடைப் படியிறங்கி, குனிந்த இருநூறு தலைகளுக்கு நடுவே நடந்தார்கள். பாதி வழியில் செவந்தி திரும்பிப் பார்த்தபோது, ஒரு கண் திறந்திருந்தது. இன்னாசியம்மாளின் கண். அது கைக்கடிகாரத்தைப் பார்த்தது, அவர்களைப் பார்த்தது, மூடிக்கொண்டது.

“இன்னும் ஒரு நிமிஷம்” என்றது ஒலிபெருக்கியில் அவர் குரல்.

சாலையில் பெண்களுக்குக் கட்டணமில்லாத அறந்தாங்கிப் பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறினார்கள். கூறைச் சேலையைக் கண்டு பேருந்தே திரும்பிப் பார்த்தது.

“எங்கம்மா போறோம்?”

“தெரியலடி. இந்த ஊருல இருக்கக்கூடாது.”

“பள்ளிக்கூடத்துச் சுவத்துல ஒரு நம்பர் எழுதியிருக்கும்மா. பத்து ஒம்பது எட்டு. சின்னப் புள்ளைகளுக்கு ஆபத்துன்னா கூப்பிடலாமாம்.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“பேரவை நிப்பாட்டிரும்னு நீ சொன்னியேம்மா. அப்பறம் அப்பா ஒரு நிமிஷம் விட்டு நகரலையே. போனையுந்தான் புடுங்கிட்டாங்களே.”

பக்கத்து இருக்கைப் பெண் எதுவும் கேட்காமல் தன் கைப்பேசியை நீட்டினாள். பின்னால், சாலை ஓரத்துக் குழாய்கள் உயிர்பெற்றன. தயாராக எழுதி வைத்ததை யாரோ பழக்கதோஷத்தில் வாசித்துவிட்டார்கள்: “பன்னிரண்டாவதாக, செல்வி சுடர்விழி இன்று தடுக்கப்பட்டார்! வெற்றி!” அந்தப் பதிவேட்டின் பன்னிரண்டு வரிகளில் உண்மை என்று சொல்லத்தக்க வரி அது ஒன்றே. அடுத்த நொடியே குழாய்களில் கூச்சல் எழுந்தது.

கைப்பேசியில் ஒரு பெண்குரல் கேட்டது: “சொல்லுங்கம்மா, கேக்குறேன். குழந்தை பேரென்ன? இப்ப எங்க இருக்கீங்க? பின்னாடி யாராவது வர்றாங்களா?”

செவந்தி பின்கண்ணாடி வழியே பார்த்தாள். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் புழுதி கிளப்பி வந்துகொண்டிருந்தன.

“வாராங்க” என்றாள். “பேரு அப்பறம் சொல்றேன் தாயி. மொதல்ல வயசை எழுதிக்குங்க. பதினாறு.”